90 நாள் கடனுக்குச் சரக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: சிறிய தயாரிப்பு யூனிட் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு பெரிய கம்பெனி நல்ல ஆர்டர் தருகிறது. ஆனால் பணம் 90 நாள் கழித்துத்தான் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. நீங்கள் எழுதாவிட்டாலும் உங்கள் நிலைமை எனக்குத் தெரிகிற மாதிரிதான் இருக்கிறது. சேமிப்பெல்லாம் மிஷினுக்குப் போயிருக்கும். எட்டு மாதமாகச் சில்லறை ஆர்டர்களை வைத்து ஓட்டியிருப்பீர்கள். இப்போது முதல்முறையாகப் பெரிய பெயர் ஒன்று கூப்பிடுகிறது. மூன்று மாதம்தானே, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. யாராவது 'சரி' என்று சொல்லிவிட்டால் மீதியும் முடிந்துவிடும். நானும் 2023-ல் என் அண்ணனிடம் அப்படித்தான் கேட்டேன். அவர் சரி என்றார்.

கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனி எவ்வளவு பெரியது என்று பார்க்காதீர்கள். சனிக்கிழமை நீங்கள் கொடுக்க வேண்டிய கூலி எவ்வளவு என்று பாருங்கள். அந்தப் பணம் வராவிட்டாலும் எத்தனை சனிக்கிழமை உங்களால் முழுக் கூலி கொடுக்க முடியுமோ, அந்த அளவுக்கு மட்டும் கடன் கொடுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் யூனிட் நடத்துகிறேன். பதினான்கு மிஷின். சீசனில் ஒன்பது டெய்லர்கள், ஒரு கட்டிங் மாஸ்டர், காஜா பட்டனுக்கும் மடிப்புக்கும் நான்கு பெண்கள். வாரக் கூலி அப்போது 58,000 ரூபாய் ஆகும். நைட்டி, இன்ஸ்கர்ட் தைத்து எம்.சி. ரோடு கடைகளுக்குப் போடுவதுதான் பழைய பிழைப்பு. அங்கே வாரா வாரம் கொஞ்சமாவது பணம் வரும். 2023 மார்ச்சில் ஒரு சீருடை ஏஜென்சிக்காரர் வந்தார். பல பள்ளிகளுக்கு சப்ளை செய்கிறவர். ஊர் பெயர், ஆள் பெயர் எதுவும் எழுதப் போவதில்லை. அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

2,600 செட், ஒரு செட் 290 ரூபாய். 7,54,000 ரூபாய்க்கு ஆர்டர், ஜி.எஸ்.டி. 37,700 தனி. முன்பணமாக 1,50,000 கொடுத்தார். "மிச்சம் ஸ்கூல் தொறந்த உடனே செட்டில் பண்ணிடறேன் மேடம்" என்றார். நான் இதுவரை இவ்வளவு பெரிய பில் போட்டதில்லை. கோடவுன் தெருவில் எனக்குப் பழக்கமான கடையில் 4 லட்சத்துக்குத் துணி எடுத்தேன். முப்பது நாள் வரை வட்டி கிடையாது, அதற்குப் பிறகு மாதம் 2 சதவீதம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ராத்திரி பதினொன்று வரை மிஷின் ஓடியது. மே கடைசியில் சரக்கு முழுக்கப் போய்விட்டது.

அந்த வருடம் வெயிலுக்காகப் பள்ளித் திறப்பைத் தள்ளிவைத்தார்கள், ஞாபகம் இருக்கும். ஜூன் 1 என்று சொல்லி, அது 7 ஆகி, கடைசியில் பெரிய வகுப்புகளுக்கு 12, சின்ன வகுப்புகளுக்கு 14. ஏஜென்சிக்காரருக்கு அது ஒரு காரணம் ஆனது. திறந்த பிறகு, ஸ்கூல் இன்னும் பணம் தரவில்லை என்றார். அப்புறம் அளவு சரியில்லை என்று 40 செட் திரும்பி வந்தது. இரண்டே நாளில் சரி செய்து அனுப்பினேன். பணம் வரவில்லை.

ஆனால் மற்ற எல்லாம் தேதி தவறாமல் வந்தன. ஜி.எஸ்.டி. என்பது பில் போட்டால் கட்ட வேண்டியது. பணம் நம் கைக்கு வந்ததா என்று அது கேட்பதில்லை. துணிக்குக் கட்டிய 20,000 ரூபாய் வரியைக் கழித்தும் 17,700 ரூபாய் கைப்பணம் போட்டுக் கட்டினேன். துணிக்கடைக்கு மாதம் 8,000 வட்டி. ஜூன் இரண்டாவது வாரம் ஐந்து பவுன் சங்கிலியைத் தெருமுனைச் சேட்டுக் கடையில் வைத்து 1,50,000 வாங்கினேன். அது துணிக்கடைப் பாக்கிக்கும் கரண்ட் பில்லுக்கும் போய்விட்டது. நான்காவது வாரம் தண்டல் எடுத்தேன். 50,000 என்று எழுதி 45,000 கையில் கொடுப்பார்கள். தினம் 500, நூறு நாள். 5,000 ரூபாய்தானே என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்து வருட வட்டியாகக் கணக்குப் போட்டால் எண்பது சதவீதத்தைத் தொடும். எங்கள் பக்கத்தில் பாதி வியாபாரம் இதில்தான் ஓடுகிறது.

இதைப் படித்துவிட்டு, 'பேங்குக்குப் போயிருக்கலாமே' என்று யாராவது கேட்பீர்கள். போனேன். ஒரு தனியார் கடன் நிறுவனத்தில் இருந்து ஒரு தம்பி வந்தார். மிஷின்களைப் பார்த்தார், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களைப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். முகவரியை எழுதும்போது பேனாவை நிறுத்திவிட்டு, "இந்த பின்கோடு நெகட்டிவ் ஏரியால வருது மேடம், மேல அப்ரூவல் ஆகாது" என்றார். அம்பத்தூரில் உறவினர் முகவரி இருந்தால் கொடுக்கச் சொன்னார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. வெள்ளைக்காரன் கம்பெனிக்குத் துணி வெளுத்தவர்களால் பெயர் பெற்ற ஊர் இது. பக்கத்தில் காலடிப்பேட்டை இருக்கிறதே, முந்நூறு வருடத்துக்கு முன் காலெட் என்ற கவர்னர் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம், அவர் பெயர்தான் மருவி அப்படி ஆனது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது ராயபுரத்தில் இருந்து. துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் உழைத்துக் கொடுத்த ஜனங்கள். அவர்கள் கடனைக் கட்ட மாட்டார்கள் என்று ஒரு பின்கோடை வைத்து முடிவு செய்கிறார்கள். தண்டல்காரருக்கு நூறு நாளும் ஒரு நாள் தவறாமல் கட்டினேன். அதை எந்தக் கணக்கில் எழுதுவது? சரி, இது நீங்கள் கேட்டது இல்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூலை முதல் சனிக்கிழமை பாதிக் கூலிதான் கொடுக்க முடிந்தது. கட்டிங் மாஸ்டர் என்னோடு பதினோரு வருடம் இருந்தவர். அவருடைய மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வாரம் அது, எனக்கும் தெரியும். "பரவால்லக்கா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் என்னிடம் முழுப் பணம் இல்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை அவர் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் போடவில்லை. கத்தரிக்கோலைத் துடைத்து, உறையில் போட்டு, மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். போன பணத்தைவிட எனக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

ஏஜென்சியில் இருந்து ஆகஸ்டில் ஒரு லட்சம், அக்டோபரில் ஒரு லட்சம் வந்தது. 4,41,700 அப்படியே நின்றது. போன் செய்தால் முதலில் "சொல்லுங்க மேடம்" என்றவர், பிறகு "என்னம்மா, ஓடியா போயிடுவேன்?" என்று கேட்க ஆரம்பித்தார்.

2024 மார்ச்சில் திடீரென்று அவருடைய கணக்குப் பிள்ளை போன் செய்து என் உத்யம் சான்றிதழை, அதாவது சிறு தொழில் என்று அரசிடம் பதிவு செய்ததற்கான சான்றைக் கேட்டார். 2021-ல் எதற்கோ தேவைப்பட்டு எடுத்து வைத்திருந்தேன், அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து முதலாளியே பேசினார். "அந்த உத்யம கேன்சல் பண்ணிடுங்கம்மா. அடுத்த சீசன் ஆர்டர் பூரா உங்களுக்குத்தான்." எனக்குப் புரியவில்லை. என் ஆடிட்டரிடம் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இது உங்களுக்கும் தேவைப்படும், கவனமாகப் படியுங்கள். 2006-ம் வருட எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஆக, உங்களிடம் கேட்கிற 90 நாளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை, நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் இல்லை. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. 2024 தொடக்கத்தில் பேங்க் ரேட் 6.75 சதவீதம், மூன்று மடங்கு என்றால் 20.25. இதெல்லாம் ரொம்ப நாளாக இருந்தும் யாரும் பயப்படவில்லை. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்றைச் சேர்த்தார்கள், 2023–24 நிதியாண்டுக் கணக்கில் இருந்து. கெடு தாண்டியும் மார்ச் 31-க்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தக் கொள்முதலை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது, அந்தத் தொகைக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். அதனால்தான் அந்த மார்ச்சில் எல்லோரும் உத்யம் உத்யம் என்று அலைந்தார்கள்.

நான் கேன்சல் செய்யவில்லை. மார்ச் கடைசி வாரம் 4,41,700 மொத்தமாக வந்தது. வட்டி ஒரு பைசா இல்லை. அதன் பிறகு அவரிடம் இருந்து ஆர்டரும் இல்லை.

வட்டியை ஏன் கேட்கவில்லை, பணம் தராதவர்கள் மேல் சிறு தொழில்கள் புகார் செய்கிற அரசின் சமாதான் தளத்தில் ஏன் புகார் போடவில்லை என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் துணி வியாபாரத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 'அந்த அம்மா கேஸ் போடுற ஆளு' என்று ஒரு பேச்சு கிளம்பினால் எம்.சி. ரோட்டில் எனக்கு வேலை கொடுக்கத் தயங்குவார்கள். பதினான்கு பேர் சாப்பாடு அதில் இருக்கிறது. என் இடத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். உங்கள் தொழிலில் அந்தப் பயம் இல்லை என்றால் தாராளமாகப் போடுங்கள். அந்தப் புகாரை விசாரிக்கிற கவுன்சிலின் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து அவர்கள் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனால், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். துணிக்கான பணம் முழுக்க முன்பணமாக வந்தால்தான் துணியை வெட்டுவோம். யாராக இருந்தாலும் என் பணம் அவர்களிடம் நான்கு வாரக் கூலிக்கு மேல் நிற்க விடுவதில்லை. அந்த அளவு தொட்டதும் அடுத்த வண்டி கிளம்பாது. கேட்டால், "தப்பா நெனைக்காதீங்க சார், எல்லாருக்கும் இதே கணக்குதான்" என்று சொல்லிவிடுவேன். உத்யம் எண்ணைப் பில்லிலேயே அச்சடித்திருக்கிறேன். டெலிவரி சலானில் சரக்கு வாங்கினவரின் கையெழுத்து, தேதி இரண்டும் இருக்க வேண்டும், நாள் கணக்கு அதில் இருந்துதான் ஓடும். மாதக் கடைசியில் பாக்கித் தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று ஒரு வார்த்தை வாங்கி வைத்துக்கொள்வேன். இதனால் இரண்டு பெரிய ஆர்டர் கைவிட்டுப் போனது உண்மை. போகட்டும்.

உங்களுக்கு ஆர்டர் தருகிறவர்கள் உண்மையிலேயே பெரிய கம்பெனி என்றால், ட்ரெட்ஸில் இருக்கிறார்களா என்று கேளுங்கள், சிறு தொழில்களின் பில்லுக்கு முன்கூட்டியே பணம் கிடைக்கிற ஆன்லைன் தளம் அது. 250 கோடிக்கு மேல் வருட விற்பனை உள்ள கம்பெனிகள் அதில் பதிவு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர்கள் உங்கள் பில்லை அதில் ஏற்று ஒப்புக்கொண்டால், வங்கி கொஞ்சம் கழித்துக்கொண்டு சில நாளில் உங்களுக்குப் பணம் கொடுத்துவிடும். 90 நாளுக்குக் காத்திருப்பது வங்கியின் பாடு. அந்தக் கழிவை விலையில் சேர்த்துப் பேசுங்கள். 'பில்லை அதில் ஏற்ற மாட்டோம், 45 நாளுக்கும் ஒப்புக்கொள்ள மாட்டோம், முன்பணமும் இல்லை' என்று மூன்றையும் மறுத்தால் அந்த ஆர்டரை எடுக்காதீர்கள். உத்யம் பதிவு இன்னும் செய்யவில்லை என்றால் முதல் சரக்கு போவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள், காசு எதுவும் கட்ட வேண்டாம். இன்னொன்று, 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், உங்கள் பில்லைக் காட்டித் தங்கள் வரியில் கழித்துக்கொண்ட ஜி.எஸ்.டி.யை அவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பாக்கி கேட்கும்போது அவர்களுடைய கணக்குப் பிரிவில் பொறுமையாக இதை ஞாபகப்படுத்துங்கள்.

நான் ஆடிட்டரோ வக்கீலோ இல்லை. என் தொழிலில் நடந்ததையும் என் ஆடிட்டர் விளக்கினதையும்தான் எழுதியிருக்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மாஸ்டருக்குப் பாக்கி இருந்த கூலியை அந்த ஏப்ரலில் தண்டையார்பேட்டையில் அவர் வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். காபி கொடுத்தார். மகள் இரண்டாவது வருடம் போகப் போகிறாள் என்றார். திரும்ப வாங்க என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவர் பழக்கிவிட்ட பெண்தான் இப்போது எனக்குக் கட்டிங் பார்க்கிறாள், அவர் விட்டுப்போன அதே கத்தரிக்கோலில்.

உங்கள் யூனிட்டில் எத்தனை பேர், வாரக் கூலி எவ்வளவு, அவர்கள் கேட்கிற முதல் லாட் எவ்வளவு தொகை என்று கீழே எழுதுங்கள். எவ்வளவு வரை கடன் தாங்கும் என்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.