ஈலிங்கில் போலிஷ் பேச ஆள் தேடுபவருக்கு

வணக்கம். லண்டன் ஈலிங்குக்கு வந்து மூன்று மாதமாகியும் போலந்துக்காரரான உங்கள் மனைவிக்கும் நாலு வயது மகளுக்கும் போலிஷில் பேச ஆளில்லை என்று எழுதியிருந்தீர்கள். வந்து இறங்கியிருப்பதே சரியான இடத்தில்தான்! இரண்டாம் உலகப்போருக்குப் பிறகே போலந்துக்காரர்கள் குடியேறிய பகுதிகளில் அதுவும் ஒன்று. விண்ட்சர் சாலையில் அவர்களுடைய தேவாலயம் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். வாசலில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போதுதான் அம்மாக்கள் பேச்சுக் கொடுப்பார்கள்.

கோயில் பழக்கம் இல்லையென்றால் சனிக்கிழமைப் போலிஷ் பள்ளியை விசாரியுங்கள். என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தோழிகள் கிடைத்தது அப்படியொரு பள்ளி வாசலில் காத்திருந்தபோதுதான். லண்டனிலேயே ஹாமர்ஸ்மித் பகுதியில் போஸ்க் என்ற போலிஷ் பண்பாட்டு மையம், நூலகத்தோடு இருக்கிறது. அப்புறம், போலிஷ் கடையில் பியெரோகி (நம் கொழுக்கட்டை மாதிரி) வாங்கும்போது கதவில் ஒட்டிய அறிவிப்புச் சீட்டுகளையும் மனைவியைப் படிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள்.