செல்லப்பிராணி கேள்வி பதில்: வலி மருந்தை நிறுத்தினால் கினிப்பன்றி சாப்பிடாது

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று வயதில் ஓர் ஆண் கினிப்பன்றி இருக்கிறான். மகள் வைத்த பெயர் சக்கை. எடை 900 கிராம். ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் கீச்சென்று கத்தினான், ரத்தமும் வந்தது. எக்ஸ்ரேயில் மூத்திரப்பையில் பட்டாணி அளவுக்குக் கல் தெரிந்தது, ஆபரேஷன் செய்து எடுத்தாச்சு. இன்றோடு நான்கு நாள். வலிக்குக் கொடுத்த சொட்டு மருந்தை இரண்டாவது நாளோடு நிறுத்திவிட்டேன். தெரிந்த மெடிக்கல் ஷாப் அண்ணன் ஒருவர், வலி மருந்து கிட்னியைக் கெடுக்கும் என்று சொன்னார். அவனும் பார்க்க அமைதியாகத்தான் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் புல்லைத் தொடவே இல்லை, வெள்ளரிக்காய் மட்டும் கொறிக்கிறான், புழுக்கை சிறுத்துவிட்டது. இப்போதும் ஒன்றுக்குப் போகும்போது கத்துகிறான். கஞ்சித்தண்ணீர் ஊட்டிப் பார்த்தேன், துப்பிவிட்டான். இனி என்ன செய்ய?
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: இது பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை என்பதால், கடிதத்தில் இருந்த எண்ணில் இவரை அழைத்துப் பேசி, அன்றே அறுவை செய்த டாக்டரிடம் திரும்ப அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது, நாகர்கோவில் பக்கமும் மார்த்தாண்டம் பக்கமும் இப்போது கினிப்பன்றி வளர்க்கிற மற்றவர்களுக்காகவும்தான்.

முதலில் அந்த "அமைதியாக உட்கார்ந்திருக்கிறான்" என்பதைப் பார்ப்போம். நாய் என்றால் வலியில் முனகும், பூனை சீறும். கினிப்பன்றியோ மற்ற மிருகங்களுக்கு இரையாகிற பிராணி, பலவீனத்தை வெளியே காட்டினால் முதலில் மாட்டுவது அதுதான், அதனால் வலி வந்தால் மூலையில் போய் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். முதுகு கூனியிருக்கிறதா, மயிர் சிலிர்த்து நிற்கிறதா, கண் பாதி மூடியிருக்கிறதா, அடிக்கடி வயிற்றை எக்கிக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைக்கிறதா, பல்லை நறநறவென்று கடிக்கிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜ் திறக்கிற சத்தத்துக்குக் கூவிக்கொண்டு ஓடிவருகிற பிராணி இன்று தலையைக்கூடத் திருப்பவில்லை என்றால், அது ஓய்வெடுக்கவில்லை, வலியில் இருக்கிறது.

வலி இருந்தால் சாப்பிடாது. கினிப்பன்றிக்கு ஆபத்து வருவது இந்த இடத்தில்தான். அதன் குடலின் பின்பகுதியில் நல்ல கிருமிகள் நாரை நொதிக்கவைத்து ஜீரணம் செய்கின்றன, உள்ளே நார் போய்க்கொண்டே இருந்தால்தான் அந்தக் குடல் நகரும். அரை நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தாலே குடல் மந்தமாகி, காற்று அடைத்து, காற்று அடைத்ததால் வலி கூடி, வலி கூடியதால் இன்னும் சாப்பிடாமல், இப்படியே சுற்றிக்கொண்டு போகும். ஆபரேஷன் நன்றாக முடிந்த பிறகும் வீட்டில் உயிர் போகிற கினிப்பன்றிகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன, தையல் பிரிந்து அல்ல. வெள்ளரிக்காய் கொறிப்பதை வைத்துத் திருப்திப்படாதீர்கள், அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், நார் மிகக் குறைவு. புழுக்கை சிறுத்தது, எண்ணிக்கை குறைந்தது இரண்டும் குடல் மெதுவாகிவிட்டது என்பதற்கு நேரடி அடையாளம்.

அப்புறம் கிட்னி பயம். மெடிக்கல் ஷாப் அண்ணன் சொன்னது முழுப்பொய் இல்லை. மெலாக்ஸிகாம் மாதிரி வலி மருந்துகள், உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்குச் சுமைதான், ஏற்கெனவே ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதோடு சேர்த்துக் கொடுக்கவும் கூடாது. ஆனால் அதற்கு வழி, தண்ணீர்ச்சத்தைக் கூட்டுவதும் டாக்டரைக் கேட்பதும்தானே தவிர, மருந்தை நீங்களாக நிறுத்துவதோ பாதியாகக் குறைப்பதோ இல்லை. மூத்திரப்பையை வெட்டித் தைத்திருக்கிறது, வயிற்றுச் சதையும் தோலும் வேறு. ஐந்து முதல் ஏழு நாள், சிலவற்றுக்கு அதற்கு மேலும் மருந்து வேண்டும். எடைக்கு எடை பார்த்தால் நாயைவிடக் கினிப்பன்றிக்குக் கூடுதல் அளவு தேவைப்படும், அதனால் சீட்டில் எழுதியிருக்கிற அளவைப் பார்த்து "இத்தனூண்டு பிராணிக்கு இவ்வளவா" என்று நீங்களாகக் குறைக்காதீர்கள். மெலாக்ஸிகாம் மட்டும் போதவில்லை என்றால் முதல் இரண்டு மூன்று நாளுக்கு புப்ரனார்ஃபின், டிராமடால் போல வேறு வகை மருந்தையும் டாக்டர் சேர்ப்பார். அதைத் தயங்காமல் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மெலாக்ஸிகாம் சொட்டு மருந்து நாய்க்கு என்று வருவதில் ஒரு மில்லியில் 1.5 மில்லிகிராம் இருக்கும், பூனைக்கு என்று வருவதில் 0.5 தான். மூன்று மடங்கு வித்தியாசம். "எங்கள் வீட்டில் இத்தனை மில்லி கொடுத்தோம்" என்று வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னதை அப்படியே கொடுத்தால் எங்கே போய் முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மனிதர்களுக்கு வரும் 7.5, 15 மில்லிகிராம் மாத்திரையை உடைத்துக் கரைத்துக் கொடுப்பது இன்னும் மோசம்.

மருந்து கொடுத்து அரை மணி, முக்கால் மணி கழித்து ஊட்டுங்கள், வலி தணிந்திருக்கும்போது வாய் திறக்கும். நமக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் கஞ்சியும் பயறும் என்பது நம்ம ஊர் வழக்கம், ஆனால் கினிப்பன்றிக்குக் கஞ்சி, பால், செர்லாக் எதுவும் ஆகாது, மாவுச்சத்து அந்தக் குடலில் போய்க் காற்றாகத்தான் மாறும். இதற்கென்றே ஆக்ஸ்போ கம்பெனியின் கிரிட்டிக்கல் கேர் தூள் கிடைக்கிறது, ஆன்லைனில் வாங்கலாம், ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைத்துவிட்டால் நல்லது. கிடைக்கவில்லை என்றால், விதை, தானியம் கலக்காத வெறும் புல் பெல்லட்டை மிக்ஸியில் பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்துக்கொள்ளுங்கள். தானாக ஒன்றுமே தின்னாத பிராணிக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 80 மில்லி வரை போக வேண்டும். சக்கைக்கு 45 முதல் 70 மில்லி, அதை ஐந்தாறு வேளையாகப் பிரித்து, ராத்திரியிலும் ஒரு வேளை வருகிற மாதிரி.

ஊட்டுகிற விதம் முக்கியம். துவர்த்தில், அதாவது துண்டில், தளர்வாகச் சுற்றி மடியில் உட்காரவையுங்கள், மல்லாக்கப் போடாதீர்கள், தையல் இருக்கிற வயிற்றை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஒரு மில்லி சிரிஞ்சின் நுனியை வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுங்கவைத்துக்கொள்ளுங்கள். முன்பல்லுக்குப் பின்னால் கடைவாய்ப்பல் வரைக்கும் ஓர் இடைவெளி இருக்கும், சிரிஞ்சைப் பக்கவாட்டில் அங்கே நுழைத்து அரை மில்லி மட்டும் விடுங்கள். தாடை அசைந்து மென்று விழுங்கட்டும், அப்புறம் அடுத்த அரை மில்லி. அவசரப்பட்டுத் தலையைத் தூக்கிப் பிடித்து உள்ளே பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும். பக்கத்திலேயே புல்லை வைத்திருங்கள், இரண்டு வேளை ஊட்டியதும் தானாகவே இழுக்க ஆரம்பிக்கிறவை நிறைய.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதிவையுங்கள். 900 கிராம் பிராணி 810க்கு இறங்கினால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று கணக்கு, அன்றே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். கண்ணால் பார்த்து எடையைச் சொல்லவே முடியாது, அந்த மயிர் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

ஒன்றுக்குப் போகும்போது கத்துவதைப் பற்றி. பை உள்ளே புண்ணாக, வீங்கி இருப்பதால் முதல் சில நாள் கொஞ்சம் கத்தும், சிறுநீர் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். விரிப்பின் மேல் வெள்ளைத் துணி போட்டால் நிறம் நன்றாகத் தெரியும். நாளுக்கு நாள் இது குறைந்துகொண்டே வர வேண்டும். குறைந்த பிறகு மறுபடி கூடினால் கிருமித் தொற்றோ, உள்ளே தங்கிவிட்ட துணுக்கோ இருக்கலாம். முக்கிமுக்கியும் சொட்டுக்கூட வரவில்லை, ரத்தக்கட்டி வருகிறது, வயிறு கல் மாதிரி இறுகி உப்பியிருக்கிறது, இதில் எதைக் கண்டாலும் ராத்திரி என்று பார்க்காதீர்கள். ஆணுக்குச் சிறுநீர்க்குழாய் நீண்டு ஒடுங்கியது, துணுக்கு போய் அடைத்தால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறும்.

புண் விஷயத்தில் நம்ம குமரி மாவட்டத்துக்கென்று இரண்டு தொல்லை உண்டு, ஈயும் எறும்பும். இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது, ஈரம் காய்வதே இல்லை. சிறுநீரில் நனைந்த வயிற்றுப் பக்கம் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைக்கும். மரத்தூள், தேங்காய்த் தும்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, துவைத்துக் காய்ந்த பருத்தித் துணி விரியுங்கள், நனைய நனைய மாற்றுங்கள். கூண்டுக்கு மேல் கொசுவலை போடுங்கள். ஊட்டும்போது தாடையில் ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரிசை கட்டும். தையலுக்கு மஞ்சளோ தேங்காயெண்ணெயோ பூச வேண்டாம், வெறுமனே உலர்வாக இருந்தால் போதும். தினம் இருமுறை பாருங்கள், சிவந்து வீங்கினாலோ நீர் கசிந்தாலோ சொல்லுங்கள். தோலில் பிரிக்கிற தையல் போட்டிருந்தால் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். கூட ஜோடி இருந்தால், அது தையலைக் கடிக்காதவரை பிரிக்காதீர்கள். கடித்தால் நடுவில் கம்பிவலை வைத்து, பார்த்துக்கொள்கிற மாதிரி பக்கத்திலேயே விடுங்கள். தனியாகப் போட்டால் சாப்பாடு இன்னும் குறையும்.

கடிதத்தின் கடைசியில், வீட்டு முற்றத்து முருங்கைக்கீரையைத் தினமும் கொடுத்து வந்ததாக ஒரு வரி எழுதியிருந்தார். கினிப்பன்றிக் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தின்கிற கால்சியத்தில் உடம்புக்கு மிஞ்சியதை இந்தப் பிராணி சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றும். 100 கிராம் முருங்கைக்கீரையில் 440 மில்லிகிராம் கால்சியம், அகத்திக்கீரையில் 1130. நமக்கு அமிர்தம், கல் வந்த கினிப்பன்றிக்கு வேண்டாம். கீரை மட்டுமே கல்லுக்குக் காரணம் என்று சொல்லமாட்டேன், ஒழுங்காகத் தீனி போட்டவர்கள் வீட்டிலும் வருகிறது, எடுத்த பிறகு திரும்பவும் வருகிறது. என்றாலும் நம் கையில் இருப்பது தீனியும் தண்ணீரும்தானே. அருகம்புல், கினிப்புல் என்று பச்சைப்புல் தாராளமாகக் கொடுங்கள். ரப்பர் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த பக்கத்துப் புல் மட்டும் வேண்டாம். காய்களைக் கழுவி ஈரத்தோடேயே போடுங்கள். கடலோரத்தில் சிலர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளை படியவைக்கும், அதற்குப் பதில் குடிக்கிற தண்ணீரையே கொடுங்கள். புண் ஆற வைட்டமின் சி கட்டாயம், கினிப்பன்றி உடம்பு அதைத் தானாகத் தயாரிக்காது. 20 கிராம் அளவில் ஒரு துண்டு கொய்யா கொடுத்தால் 40 மில்லிகிராம் கிடைத்துவிடும், இந்த எடைக்கு அது போதும். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வைப்பதில் பயனில்லை, சீக்கிரம் வீரியம் போய்விடும்.

கேள்வி: எங்களுடையது ஐந்து வயதுப் பெண். கல் இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் வந்திருக்கிறது. வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் கொடுத்துக் கரைக்க முடியுமா? இந்த வயதில் கத்தி வைக்க வேண்டுமா என்று வீட்டில் யோசிக்கிறார்கள்.
— ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: கரையாது. கினிப்பன்றியின் சிறுநீர் இயல்பிலேயே காரத்தன்மை உள்ளது, அதில் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கிற மருந்தோ சாறோ இல்லை. சாறு கொடுத்துக் காத்திருக்கிற நாளில் கல் வளரும், அவ்வளவுதான். பெண் என்பதால் ஒரு நல்ல விஷயம், குழாய் சின்னது, அகலமானது, சிறு கல் என்றால் தானாக வெளியேறவோ மயக்கம் கொடுத்து வெட்டாமல் எடுக்கவோ வாய்ப்பு உண்டு, அதை முதலில் கேளுங்கள். ஐந்து வயது என்பது இதற்கு முதுமைதான், பல கினிப்பன்றிகள் ஏழு வயது வரை இருப்பதும் உண்டு. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சரியாக இருந்து, சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டிருந்தால் நான் ஆபரேஷன் பக்கம்தான் நிற்பேன். பக்கத்தில் சின்னப் பிராணிகளுக்கு ஆபரேஷன் செய்கிறவர் இல்லையென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இல்லையென்றால் திருவனந்தபுரம். போகுமுன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்தில் கூண்டுக்குள் புல் இருக்கட்டும். நாய், பூனைக்குச் சொல்கிற மாதிரி முந்தைய ராத்திரியே பட்டினி போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினி அதற்குக் கேடுதான் செய்யும்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்த கினிப்பன்றிக்கு, தம்பிக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் ஆன்டிபயாடிக் சிரப் கொஞ்சம் கொடுக்கலாமா?
— ஒரு மாணவர், குளச்சல்

பதில்: கொடுக்கவே கூடாது. வாய்வழி அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் எல்லாம் குடலின் நல்ல கிருமிகளைக் கொன்று, நஞ்சு கக்குகிற கிருமியை வளரவிடும், சில நாளில் பேதியாகிச் செத்துப்போகும். என்ரோஃப்ளாக்ஸசின், டிரைமெத்தோப்ரிம்-சல்ஃபா போன்றவைதான் வழக்கம், அதுவும் டாக்டர் எழுதிய அளவில். ஏற்கெனவே ஒரு வேளை கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறாய் என்றால், அடுத்த வேளையைக் கொடுக்காமல் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு இன்றே டாக்டரிடம் போ, எவ்வளவு கொடுத்தாய் என்பதை மறைக்காமல் சொல்.