விமானத்தில் எந்தப் பணிப்பெண் எங்கே நிற்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அவர்கள் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வியில் 'பணிப்பெண்' என்று இருக்கிறது. சென்னையைத் தளமாகக் கொண்டு ஏழு ஆண்டுகள் இந்த வேலையைப் பார்த்த நான் ஓர் ஆண். இந்தச் சொல் எனக்குப் பழகிவிட்டது. என் தாயாருக்கு மட்டும் இன்றுவரை பழகவில்லை. யாராவது விசாரித்தால் "பையன் பிளேன்ல இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கேட்பவர் என்னை விமானி என்று நினைத்துக்கொண்டால் அதைத் திருத்தவும் மாட்டார்.

கேள்விக்கு வருகிறேன். விமானத்தில் எத்தனை பணியாளர்கள் இருக்க வேண்டும் என்பதை இருக்கைகளின் எண்ணிக்கையும், அவர்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கதவுகளும், அவர்களில் யாருக்கு எந்தக் கதவு என்பதைப் பெரும்பாலும் அன்றைய கேபின் பொறுப்பாளரும் முடிவு செய்கிறார்கள். நீங்கள் பார்க்கும் தண்ணீர், சாப்பாடு, குப்பை வாங்கும் வேலை எல்லாம் அந்தக் கதவு ஒதுக்கீட்டைப் பின்தொடர்ந்து வருபவை.

எண்ணிக்கையில் நிறுவனம் தன் விருப்பப்படி கை வைக்க முடியாது. இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பா என்று பெரும்பாலான இடங்களில் 50 இருக்கைகளுக்கு ஒருவர் என்பதே அடிப்படைக் கணக்கு. இதில் எண்ணப்படுவது இருக்கைகள், ஆட்கள் அல்ல. ஆகவே 186 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ320 விமானத்தில் நாற்பது பேர் மட்டுமே ஏறியிருந்தாலும் நாங்கள் நால்வரும் இருந்தோம். 78 இருக்கைகள் கொண்ட ஏடிஆர் 72 விமானத்தில் இருவர் போதும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய யுஎஸ் ஏர்வேஸ் ஏ320 விமானத்தில் 150 இருக்கைகள் இருந்தன. அதனால் கேபின் பணியாளர்கள் மூவர் மட்டுமே. இருவருக்கு முன்பக்கம், ஒருவருக்குப் பின்பக்கம். ஆற்று நீர் வால்பக்கமாக ஏறியபோது, காலில் ஆழமான வெட்டுக்காயத்துடன், பின்பக்கம் வழியில்லை என்று பயணிகளை முன்னோக்கித் திருப்பி அனுப்பியவர் தனியாகப் பின்னால் இருந்த அந்த ஒருவர்தான். அந்த இடம் அன்று அவருக்குப் பதிலாக வேறொருவருக்குப் போயிருந்தால் அந்த வேலையும் அந்த வேறொருவருக்கே போயிருக்கும்.

கதவுகளுக்குப் பெயர் இடுவது எளிது. இடது, வலது என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துடன் முன்னிருந்து பின்னாக எண்ணைச் சேர்ப்பார்கள். நீங்கள் பெரும்பாலும் ஏறுகின்ற முன் இடது கதவு எல்-1. அதற்கு எதிரில் உள்ளது ஆர்-1. வாலில் எல்-2, ஆர்-2. பத்துக் கதவுகள் கொண்ட போயிங் 777-300 இஆர் விமானத்தில் இந்த வரிசை எல்-5, ஆர்-5 வரை போகும். எங்களுக்குள் ஒருவரையொருவர் கதவின் பெயரால் குறிப்பிடுவதும் உண்டு. "இன்னிக்கு ஆர்-2 யாரு?" என்று கேட்டால் அது கதவைப் பற்றிய கேள்வி அல்ல, ஆளைப் பற்றிய கேள்வி.

மாதத்திற்கான ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, வரும்போது எங்கள் நிறுவனத்தில் விமான எண்ணும், புறப்பாட்டு நேரமும், உடன் பறப்பவர்களின் பெயர்களும், அவர்களில் பொறுப்பாளர் யார் என்பதும் மட்டுமே இருக்கும். கதவுகள் பறப்பதற்கு முன் நடக்கும் பிரீஃபிங் கூட்டத்தில்தான் பிரிக்கப்படும். சில நிறுவனங்களில் ரோஸ்டரிலேயே இடமும் அச்சாகி வந்துவிடும். எங்களுக்கு அப்படி இல்லை. விடியற்காலை விமானம் என்றால் மூன்றரை மணிக்கெல்லாம் ஒரு சிறிய அறையில் நால்வரும் உட்கார்ந்திருப்போம். பொறுப்பாளர் எங்கள் அடையாள அட்டைகளையும் தகுதிச் சான்றுகளின் காலாவதித் தேதிகளையும் பார்ப்பார். வானிலை, பயணிகளின் எண்ணிக்கை, சக்கர நாற்காலிப் பயணிகள், தனியாக வரும் குழந்தைகள் ஆகியவற்றைச் சொல்வார். பிறகு யாருக்கு எந்தக் கதவு என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு பாதுகாப்புக் கேள்வி கேட்பார். அனுபவமுள்ளவரையும் புதியவரையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வைப்பதுதான் நல்ல பொறுப்பாளரின் வழக்கம். புதியவர்கள் இருவரைப் பின்னால் விட்டுவிட்டு மூத்தவர்கள் இருவரும் முன்னால் வசதியாக நின்றுகொள்ளும் பொறுப்பாளர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களுடன் பறப்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

அந்தக் கேள்வியை யாரும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்வதில்லை. பதில் தெரியாதவரை அன்றைய விமானத்திலிருந்து இறக்கிவிட்டு, காத்திருப்புப் பணியில் உள்ள வேறொருவரை அழைக்கப் பொறுப்பாளரால் முடியும். வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் என்னிடம், பயணியின் பவர் பேங்க் தீப்பிடித்து, தீயணைப்பானால் தீ அடங்கிய பிறகு அதன் மேல் எதைப் போடுவாய் என்று கேட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் "ஐஸ்" என்றேன். அறை அமைதியாகிவிட்டது. ஐஸ் போடவே கூடாது. அது வெப்பத்தை வெளியேறவிடாமல் உள்ளேயே அடக்கிவிடும். நிறையத் தண்ணீரோ மது கலக்காத வேறு பானமோ ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். பொறுப்பாளர் என்னை இறக்கிவிடவில்லை. இன்னொரு கேள்வி கேட்டு, அதற்குப் பதில் சரியாக வந்ததும், எனக்குச் சொல்லியிருந்த ஆர்-1 இடத்தை மாற்றித் தன் நம்பிக்கைக்குரிய ஒரு மூத்தவருடன் என்னைப் பின்னால் அனுப்பினார். நியாயமான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இனி, கதவுடன் சேர்ந்து வரும் வேலைகள். நிறுவனத்துக்கு நிறுவனம் இவை மாறும். நான் சொல்வது எங்கள் ஏ320 வழக்கம். எல்-1 பொறுப்பாளருடையது. விமானியுடன் பேசுவது, ஆள் கணக்கு, ஆவணங்கள், அறிவிப்புகள் எல்லாம் அவர் தலையில். ஆர்-1 அவருக்கு உதவி. விமானிகளுக்குச் சாப்பாடு கொடுப்பதும், விமானிகளில் ஒருவர் கழிவறைக்கு வந்தால் அவர் திரும்பும் வரை காக்பிட்டுக்குள் போய் நிற்பதும் பெரும்பாலும் முன்னால் இருக்கும் இவர்கள் இருவரில் ஒருவரின் வேலை. எல்-2 பின்பகுதிக்குப் பொறுப்பு. யார் எந்தக் கதவில் இருந்தாலும், விமானத்தில் ஏறியவுடன் தம் பகுதியில் உள்ள தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா, புகை முகமூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, டார்ச் எரிகிறதா என்று பார்த்துப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். இருக்கைகளின் அடியிலும் கழிவறைகளிலும் சந்தேகப் பொருள்கள் உண்டா என்று தேடுவதும் அப்படியே பங்கிடப்படும்.

நான் அதிகம் நின்றது ஆர்-2. அது பின் சமையற்கட்டின் கதவு. அந்த இடத்தை நாங்கள் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எழுதினால் 'கேலி' என்றுதான் வரும், வேலையும் பல நாள்கள் அப்படித்தான் இருந்தது. உணவு லாரி உயர்ந்து வந்து அந்தக் கதவில்தான் முட்டி நிற்கும். வண்டிகளை எண்ண வேண்டும், முத்திரை எண்களைத் தாளுடன் ஒப்பிட வேண்டும், முன்பதிவு செய்த சாப்பாடு எத்தனை, சைவம் எத்தனை என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுடையது உணவை விற்கும் நிறுவனம் என்பதால், வெந்நீர் ஊற்றிக் கலக்கும் உப்புமா கோப்பைகளின் கணக்கும் ஆர்-2 பொறுப்பு. சென்னையிலிருந்து தில்லிக்குப் போகும் காலை விமானத்தில் உப்புமா பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். அந்தச் செய்தியை 24-ஆம் வரிசையில் சொல்ல வேண்டியவரும் ஆர்-2 தான்.

ஆனால் எந்தக் கதவுக்கும் முதல் வேலை அதை 'ஆர்ம்' செய்வது. எல்லாக் கதவுகளும் மூடியதும் "ஆர்ம் ஸ்லைட்ஸ் அண்ட் கிராஸ் செக்" என்று ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள். ஏ320 கதவில் ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். அதில் சொருகியிருக்கும் சிவப்புப் பட்டை தொங்கும் ஊசியைப் பிடுங்கி, நெம்புகோலைக் கீழே இறக்கினால், கதவின் அடியில் மடித்து வைத்துள்ள சறுக்கு (அவசரத்தில் பயணிகள் சறுக்கி இறங்குவதற்கானது) விமானத்தின் தரையுடன் பிணைந்துகொள்ளும். அதன் பிறகு யாராவது உள்ளிருந்து கதவைத் திறந்தால் சறுக்கு சில நொடிகளில் காற்று நிரம்பி வெளியே விரியும். தரையிறங்கி நின்றதும் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். இறக்கியதை ஏற்ற மறந்து உள்ளிருந்து கதவைத் திறந்தால் வெளியே நிற்பவரின் மேல் சறுக்கு பாயும். விமானமும் பல மணி நேரம் நின்றுபோகும்.

எனக்கே அது நடக்க இருந்தது. முதல் நாள் நான்கு செக்டர்கள் (ஒரு புறப்பாடும் ஒரு தரையிறக்கமும் சேர்ந்தது ஒரு செக்டர்) எல்-2 பார்த்திருந்தேன், மறுநாள் ஆர்-2. மாலையில் கடைசித் தரையிறக்கம். அறிவிப்பு வந்ததும் எழுந்தேன். நேற்றைய பழக்கத்தில் கால்கள் நேராக எல்-2-க்கே போயின. நெம்புகோலை ஏற்றி, ஊசியைச் சொருகிவிட்டுத் திரும்பினேன். எல்-2-க்கு உரியவர் அப்போதுதான் இருக்கைப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தன் கதவு முடிந்திருப்பதைப் பார்த்து, என்னுடையதை நான் முதலிலேயே முடித்திருப்பேன் என்று நினைத்துவிட்டார். ஆர்-2-க்கு வெளியே உணவு லாரி ஏறிக்கொண்டிருக்கும் ஓசை கேட்டது. அவர் வழக்கப்படி என் பக்கம் வந்து பார்த்தபோது நெம்புகோல் கீழேயே இருந்தது, ஊசி அதன் உறையில் இருந்தது. கைப்பிடியை நோக்கி நீண்ட என் கையை அவர் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. கிராஸ் செக் என்பது இதற்காகத்தான்: என் கதவை அவரும் அவர் கதவை நானும் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். இருவரும் அறிக்கை எழுதிக் கொடுத்தோம். அன்றிலிருந்து விமானம் ஓடுதளத்தைத் தொடும்போதே அன்றைய கதவின் பெயரை உதட்டுக்குள் சொல்லிக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அழகானவர்களை முன்கதவில் நிறுத்துவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. முன்கதவில் சிரித்துக்கொண்டு வரவேற்பவர் பெரும்பாலும் குழுவிலேயே மூத்தவர். காக்பிட்டுக்கு அருகில் பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பதற்காக அங்கே நிற்கிறார். அமெரிக்க நிறுவனங்களில் பணிமூப்பின் செல்வாக்கு இன்னும் அதிகம். எந்தப் பயணம் என்பதைப் பணிமூப்பு வரிசையில்தான் ஊழியர்கள் கேட்டுப் பெறுகிறார்கள், பல இடங்களில் இடத்தையும் அப்படியே. அங்கே புதியவருக்குக் கிடைப்பது மற்றவர்கள் விட்டுவைத்ததுதான்.

கதவுக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி ஒதுக்குவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் ஹனேடாவைச் சொல்வேன். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 விமானம் தரையிறங்கும்போது கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். ஏ350 விமானத்தில் 367 பயணிகள், விமானிகள் உட்பட 12 பணியாளர்கள். அவர்களில் கேபின் பணியாளர்கள் ஒன்பது பேர், கதவுகள் எட்டு. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. ஒவ்வொரு கதவிலும் இருந்தவர் தம் கதவுக்கு வெளியே நெருப்பு இருக்கிறதா என்று பார்த்துத் தாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இடதுபுறம் ஒன்று என மூன்று கதவுகள் மட்டுமே பயன்பட்டன. பின் இடது கதவில் இருந்தவருக்குக் காக்பிட்டிலிருந்து எந்த உத்தரவும் வந்து சேரவில்லை; வெளியேறலாம் என்று அவரே தீர்மானித்துத் திறந்தார். கடைசியாக இறங்கியவர் விமானி. ஏ350 விமானத்தில் இருந்த 379 பேரும் உயிருடன் வெளியே வந்தார்கள். எந்தக் கதவைத் திறக்காமல் விட்டார்கள் என்பதும் இதில் அதே அளவு முக்கியம். நெருப்புக்கு நேரே திறந்த கதவு ஒன்று போதும், தீ உள்ளே வந்துவிடும்.

சுருக்கமாக ஒன்று. எங்கள் ஏ320-இல் இறக்கைக்கு மேலே உள்ள நான்கு அவசர வழிகளுக்கும் பணியாளர் யாரும் ஒதுக்கப்படுவதில்லை. அங்கே அமர்பவர்தான் திறக்க வேண்டும். அதனால்தான் அந்த வரிசையில் இருப்பவரிடம் நாங்கள் தனியாகப் பேசி, சம்மதம் கேட்கிறோம். கால் நீட்டக் கூடுதல் பணம் கட்டியவர் காதில் இயர்போனுடன் தலையாட்டினால் போதாது. நான் வாய்திறந்து "சரி" சொல்ல வைப்பேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இடம் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நாங்களாக மாற்றிக்கொள்ளக் கூடாது. பொறுப்பாளருக்குத் தெரிய வேண்டும், அதுவும் விமானம் தரையில் இருக்கும்போது, ஒரு செக்டர் முடிந்து அடுத்தது தொடங்கும் முன். நடுவழியில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனால் பொறுப்பாளர் மற்றவர்களை மறுபடி பங்கிட்டு, விமானிக்கும் சொல்வார். போன இடத்தில் ஒருவர் படுத்துவிட்டால் 186 இருக்கை விமானத்தை மூவரை வைத்து வழக்கம்போல் கிளப்ப முடியாது. மாற்று ஆள் வரும் வரை காத்திருந்த இரவுகள் எனக்கு உண்டு.

ஒருமுறை திருச்சி விமானத்தில் ஒரு பாட்டி போகும்போதும் என்னுடன் வந்தார், நான்கு நாள் கழித்துத் திரும்பும்போதும் வந்தார். போகும்போது நான் ஆர்-1, முன்னால் நின்று அவருடைய பையை வாங்கி வைத்தேன். திரும்பும்போது ஆர்-2. கழிவறைக்கு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏன் தம்பி, அன்னிக்கு முன்னாடி நின்னியே, பின்னாடி தள்ளிட்டாங்களா?" என்றார். இல்லை பாட்டி, இது முறை வைத்து மாறுவது என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. இறங்கும்போது வேண்டுமென்றே பின்வழியாக வந்து, "நல்லா வேல செய்யி, மறுபடியும் முன்னாடி போட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.