1907 என்ற எண் சொல்வதும் சொல்லாததும்: பிரிட்டிஷ் பயனெட் கேள்வி பதில்

கேள்வி: என்னிடமுள்ள பயனெட்டில், அதாவது துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியில், 1907 என்று பொறித்திருக்கிறது. அது அந்த ஆண்டில் செய்யப்பட்டதா?

பதில்: இல்லை. 1907 என்பது பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்காக ஏற்கப்பட்ட மாதிரியின் பெயர். முதல் உலகப் போரில் செய்தவற்றிலும் அதே எண்தான் இருக்கும். அலகின் அடியில், பிடியை ஒட்டிக் கூர் தீட்டாமல் விட்டிருக்கும் பகுதியைப் பாருங்கள். மகுடம், அரசரின் எழுத்துகள், 1907 ஆகியவற்றின் கீழே 5 ’17 என்பது போன்ற எண்ணும், வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன் போன்ற தயாரிப்பாளரின் பெயரும் காணப்படும். 5 ’17 என்றால் 1917 மே மாதம். எழுத்துகள் ஜி.ஆர். என்றிருந்தால் ஐந்தாம் ஜார்ஜ், இ.ஆர். என்றிருந்தால் அவருக்கு முன் 1910 வரை ஆண்ட ஏழாம் எட்வர்ட்.

கேள்வி: மறுபக்கத்தில் அம்பு, எக்ஸ், சிறு மகுடங்கள் உள்ளனவே?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான். அம்பு, அரசுடைமை என்பதற்கான முத்திரை. எக்ஸ், அலகை வளைத்துச் சோதித்துத் தேறியதைக் குறிக்கும். மகுடம், எண், இ என்ற எழுத்து ஆகியவை ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால், என்ஃபீல்டு அரசு ஆயுத ஆலையின் சோதனையாளர் ஒருவர் அதைப் பார்த்து ஏற்றார் என்று பொருள். அந்த எண் அவருக்கு உரியது. தனியே ’24 என்றிருப்பின், பழுது பார்த்து மீண்டும் வழங்கிய ஆண்டு. இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டினால், படையிலிருந்து கழித்து விற்றுவிட்டார்கள் என்பதாகும்.

கேள்வி: 1916இல் பிரிட்டனில் செய்ததாகக் குறியுள்ள, பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள குறுக்குத் தண்டில் கொக்கி வைத்த பயனெட்டுக்குப் பெரிய விலை கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஜப்பானிய பயனெட்டைப் பார்த்து வைத்த அந்தக் கொக்கியை 1913இல் கைவிட்டுவிட்டார்கள். முன்பு செய்தவற்றிலும், பழுதுபார்ப்புக்கு வந்தபோது பலவற்றில் அதை அறுத்தெடுத்தார்கள். கொக்கியோடு தப்பியவை அரிது என்பதனாலேயே, பிற்காலத்தில் பற்றவைத்து விற்போர் இருக்கிறார்கள். குறுக்குத் தண்டோடு கொக்கி சேருமிடத்தில் அரத்தின் கீறலோ நிற வேறுபாடோ தெரிகிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள்.

கேள்வி: மரப்பிடியில் குறுக்கே இரண்டு ஆழமான பள்ளங்கள் உள்ளன. பிற்காலத்தில் யாராவது வெட்டியவையா?

பதில்: அல்ல, உங்களுடையது 1913 மாதிரி பயனெட், வேறு துப்பாக்கிக்கு உரியது. 1907 மாதிரியோடு மாறிவிடாதிருக்கவே பள்ளங்களை வெட்டினார்கள்.

கேள்வி: துருவை அமிலத்தில் ஊறவைத்து நீக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அமிலமும் உப்புத்தாளும் துருவோடு முத்திரைகளின் விளிம்பையும் தின்றுவிடும். தேய்ந்த குறியைத் திரும்பப் பொறிக்க இயலாது. மெல்லிய எண்ணெயைத் தடவிச் சில நாள் விட்டு, பருத்தித் துணியால் துடையுங்கள். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், மங்கிய எண்களின் நிழலே அவற்றைப் படித்துக்காட்டும்.