சோற்றை விட்ட பிறகும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 51. ஆறு வருடமாக சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறேன். இரவில் சோறே தொடுவதில்லை. மூன்று சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. காலையில் ராகிக் கஞ்சி. விடிந்ததும் வெறும் வயிற்றில் பூங்காவில் 45 நிமிடம் நடை, அங்கே கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடும் நடப்பேன். அப்படியும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 238. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4. இனி எதைத்தான் விடுவது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் இரவுச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தரமான ஒரு சப்பாத்தியில் கிட்டத்தட்ட 20 கிராம் மாவுச்சத்து, மூன்றுக்கு 60. வெந்த சோறு 200 கிராம் எடுத்தாலும் ஏறக்குறைய இதே அளவுதான். இதில் உருளைக்கிழங்கு வேறு! கோதுமையில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல், சரி. அதை நம்பி மூன்றாவது சப்பாத்தியில் கை வைக்க முடியாது. 'சப்பாத்தி என்றால் சர்க்கரை ஏறாது' என்று நம் ஊரில் யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. நாடு முழுவதும் நடந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வின்படி இந்தியர்களின் சாப்பாட்டில் சுமார் 62 சதவீத கலோரி மாவுச்சத்திலிருந்தே வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியிலிருந்து கோதுமைக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் பெரிய பலன் இல்லை என்கிறது அதே ஆய்வு.

கஞ்சி விஷயமும் இதேதான். ராகி நல்ல தானியம். ஆனால் நைசாக அரைத்து, காய்ச்சி, டம்ளரில் குடித்தால் மெல்லும் வேலைகூட இல்லை. விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறிவிடும். பதிலுக்குப் பாசிப்பயறு அடை ஒன்றிரண்டு, கூட ஒரு முட்டை என்று மாற்றிப் பாருங்கள். இரவில் இரண்டு சப்பாத்தி போதும். தட்டில் பாதி அவரை, புடலை, கீரை என்று காயாக இருக்கட்டும். கால்வாசி பருப்பு, கொண்டைக்கடலை அல்லது மீன். காயை முதலில் சாப்பிட்டுவிட்டு சப்பாத்திக்கு வாருங்கள். இந்த வரிசைக்கே சர்க்கரை கொஞ்சம் குறைவாக ஏறும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் பருப்பு, முட்டை அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து நடை. உங்களுக்கு எகிறுவது சாப்பிட்ட பின்பு, நீங்கள் நடப்பதோ சாப்பிடுவதற்கு முன்பு. அந்த 45 நிமிடத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடங்கள். மொட்டை மாடி போதும். வேலை செய்யும் தசை, இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வயது ஏற ஏற தசை குறைகிறது, சர்க்கரை போய்ச்சேரும் இடமும் சுருங்குகிறது. அதனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று ஏதாவது செய்யுங்கள். நம் பெண்கள் பலர் 'இதெல்லாம் எனக்கெதற்கு' என்று ஒதுக்குவது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. கிளிமிபிரைடு எடுப்பவர் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். ஆகவே இந்த மாற்றங்களைத் தொடங்குமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை அளவைக் குறைக்க வேண்டி வரலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சோதியுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கூழாங்கல் பாதை. தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். சர்க்கரையால் பாத நரம்பு மரத்திருந்தால் கல் கிழித்ததுகூடத் தெரியாது. தெரியவரும்போது புண் ஆழமாகியிருக்கும். சாக்ஸ், ஷூ போட்டு நடங்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையை டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஹெச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரி என்பதால் அடுத்த வாரமே லேபுக்கு ஓட வேண்டாம். அதுவரை வீட்டில், இரண்டு சப்பாத்தி சாப்பிட்ட நாளிலும் சோறு அளந்து சாப்பிட்ட நாளிலும் இரண்டு மணி நேரம் கழித்து சோதித்து நோட்டில் எழுதி வையுங்கள். பொதுவாக 180க்குக் கீழே இருக்க வேண்டும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.