பிரிஜிட் நாள்: பச்சைச் சட்டையை எடுத்து உள்ளே வைங்க

தம்பி, நீங்க கேட்டது நாலு. அயர்லாந்துல பிப்ரவரி முதல் திங்கள் என்ன லீவு? பையனை ஸ்கூல்ல கோரைப்புல் கொண்டுவரச் சொன்னது எதுக்கு? அன்னைக்கு நைட் ஷிப்ட் பார்த்தா டபுள் சம்பளம் உண்டா? டப்ளின்ல நல்ல இட்லி அரிசி எங்கே கிடைக்கும்? கடைசிக் கேள்விக்கு எந்தத் தமிழ் வாட்ஸ்அப் குழுவில எட்டிப் பார்த்தாலும் நாலு பேர் சண்டை போட்டுக்கிட்டு இருப்பாங்க. அதை அவங்ககிட்டயே விட்டுடறேன். மத்த மூணையும் வந்த புதுசுல எனக்குச் சொல்ல ஆள் இல்ல. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல, பச்சைச் சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்பிடாதீங்க. பச்சையும் ஷாம்ராக்ங்கிற மூவிலையும் மார்ச் 17, புனித பேட்ரிக் நாளுக்கு. இது புனித பிரிஜிட் நாள், ஐரிஷ்ல 'லா ஏலெ பிரீஜெ'. ரெண்டையும் போட்டுக் குழப்பி வாழ்த்துப் படம் அனுப்புறது நம்மாளுங்கதான். 'இவங்களுக்குக் குடிக்கிறதை விட்டா என்ன பண்டிகை'ன்னு பத்து வருஷம் இங்கேயே இருந்துட்டுப் பேசுறதும் அதே ஆளுங்கதான்.

திருநாள் பிப்ரவரி 1. அரசு விடுமுறையா ஆனது 2023லதான். பிப்ரவரி முதல் திங்கள் லீவு. ஆனா 1ஆம் தேதி வெள்ளிக்கிழமையா வந்தா, அந்த வெள்ளிதான் லீவு. அடுத்து அப்படி வர்றது 2030ல. எல்லை தாண்டி நியூரி பக்கம் வேலைக்குப் போறவங்களுக்கு இது கிடையாது. வட அயர்லாந்துல அன்னைக்குச் சாதாரண வேலை நாள்.

இப்ப சம்பளம். 'டபுள்'னு யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்காதீங்க. 1997ஆம் வருஷத்து வேலை நேரச் சட்டப்படி நாலுல ஒண்ணு தரணும்: அன்னைக்கே சம்பளத்தோட லீவு, ஒரு மாசத்துக்குள்ள இன்னொரு நாள் லீவு, வருஷ லீவுல ஒரு நாள் கூடுதல், இல்ல ஒரு நாள் சம்பளம் கூடுதல். எதுன்னு முடிவு பண்றது முதலாளி. நீங்க செய்ய வேண்டியது, 21 நாளுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வைக்கிறது. 14 நாளுக்கு முன்னாடி அவங்க பதில் சொல்லியாகணும். சொல்லலைன்னா அன்னைக்கே சம்பளத்தோட லீவு உங்க உரிமை. பகுதி நேர வேலைன்னா, லீவுக்கு முந்தின 5 வாரத்துல மொத்தம் 40 மணி நேரம் வேலை பார்த்திருக்கணும். திங்கள் உங்களுக்கு எப்பவுமே ஆஃப் நாளா இருந்தாலும் விடாதீங்க, வாரச் சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கு உண்டு. வாயைத் திறந்து கேட்டா வேலை போயிடும்னு பயந்து இதை விட்டவங்கதான் நம்மில நிறைய. கேட்டா போகாது.

சரி, யார் இந்த பிரிஜிட்? கில்டேர்ங்கிற ஊர்ல மடம் நிறுவின துறவி, 525 வாக்குல காலமானவங்க. 'கில் டாரா'ன்னா ஓக் மரத்துக் கோயில். அதே பேர்ல அதுக்கு முன்னாடியே ஒரு தெய்வம் இருந்திருக்கு. 900 வாக்குல எழுதின கோர்மக்கின் சொல்லகராதி அவளைக் கவிஞர்களோட தெய்வம்னு சொல்லுது. மருத்துவத்துக்கு ஒரு சகோதரி, கொல்லர் வேலைக்கு ஒரு சகோதரி, மூணு பேருக்கும் அதே பேர். தெய்வம்தான் புனிதை ஆனாளா, புனிதை மேல தெய்வத்தோட கதை ஏறிச்சான்னு அறிஞர்கள் இன்னும் அடிச்சுக்கறாங்க. தேதி மட்டும் பழசு. 'இம்போல்க்'னு பேர், ஆடு குட்டி போட்டு மடி சுரக்கிற பருவம். ஐரிஷ் கணக்குல வசந்தம் அன்னைக்குத்தான் பிறக்குது. வெளியே பல் கிட்டிக்கிற குளிர்ல பக்கத்து வீட்டுப் பாட்டி 'வசந்தம் வந்தாச்சு'ன்னா கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சுக்காதீங்க.

கில்டேர்ல ஒரு அணையா நெருப்பு இருந்தது. 12ஆம் நூற்றாண்டுல வந்த வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் எழுதி வச்சிருக்கார்: 19 பெண்கள் ஆளுக்கொரு ராத்திரி காவல், 20ஆவது ராத்திரி விறகை வச்சுட்டு 'பிரிஜிட், உன் முறை'ன்னு போயிடுவாங்க, காலையில நெருப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும். நெருப்பைச் சுத்தியிருந்த வேலிக்குள்ள ஆம்பளை கால் வைக்கக் கூடாது. பிறகு அணைஞ்சு போனதை 1993ல பிரிஜிட் சபைக் கன்னியாஸ்திரிகள் திரும்ப ஏத்தினாங்க.

இனி பையனோட கோரை. சாகப்போற ஒரு தலைவனுக்குப் பக்கத்துல உட்கார்ந்து, தரையில பரப்பியிருந்த புல்லை எடுத்து பிரிஜிட் சிலுவை பின்னினாங்கன்னு கதை. அந்தச் சிலுவைதான் இவனும் பின்னணும். பத்தமடைப் பாய்க் கோரை மாதிரி முக்கோணத் தண்டு இல்ல இது. உருண்டையா இருக்கும், உரிச்சா உள்ளே நெட்டி மாதிரி வெள்ளையா வரும். சதுப்பு வயல்ல தானா முளைக்கும். விவசாயிக்கு அது களை, ஆனாலும் கேட்டுட்டுத்தான் வயல்ல இறங்கணும். மரபுப்படி அறுக்கக் கூடாது, பிடுங்கணும். ஈரத் துணியில சுத்திக் கொண்டு வாங்க. காஞ்சதுன்னா மடிக்கிற இடத்துல பட்டுனு ஒடியும். ரெண்டு மணி நேரம் தண்ணியில போட்டு வைங்க.

ஒரு சிலுவைக்கு 17 தண்டு எடுங்க. நடுவுக்கு ஒண்ணு, சுத்துக்கு 4 வீதம் நாலு சுத்து. முதல் தண்டை நெட்டுக்குத்தாப் பிடிங்க. ரெண்டாவதைச் சரிபாதியா மடிச்சு, அது மேல நடுவுல மாட்டுங்க, ரெண்டு நுனியும் வலப்பக்கம் நீட்டட்டும். நடுவை விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, மொத்தத்தையும் இடஞ்சுழியா கால் வட்டம் திருப்புங்க. இப்ப அந்த நுனிகள் மேலே பார்க்கும். மூணாவதை மடிச்சு, மேலே பார்க்கிற தண்டுகள் எல்லாத்தையும் சேர்த்து அணைச்சாப்பல வலப்பக்கம் போடுங்க. திரும்பவும் கால் வட்டம். அவ்வளவுதான், இதையே கடைசித் தண்டு வரைக்கும். ஒரே ஒரு தடவை மறந்து வலஞ்சுழியாத் திருப்பினாலும் நடுக்கட்டு கழண்டு கையோட வரும். ஒவ்வொண்ணையும் நடுவை நோக்கி நெருக்கித் தள்ளணும். காய்ஞ்சா தண்டு சுருங்கும், இப்பவே தளர்வா இருந்தா ஒரு மாசத்துல தொளதொளன்னு ஆயிடும். நாலு கை நுனியையும் முதல்ல ரப்பர் பேண்ட், அப்புறம் சணல் போட்டுக் கட்டி, கடைசியா ஓரத்தை வெட்டுங்க. முன்னாடியே வெட்டினா நீளம் கூடக் குறைய வரும். புல் கிடைக்கலைன்னா பேப்பர் ஸ்ட்ரா போதும், டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

ஜனவரி 31 சாயங்காலம் பின்னி, வாசக்கதவுக்கு மேல உள்பக்கமா மாட்டணும். வீடு தீப்பிடிக்காம, நோய் அண்டாம இருக்கணும்னு. சில ஊர்ல மாட்டுக் கொட்டகைக்குன்னு மூணு கை வச்சுத் தனியாப் பின்னுவாங்க. பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் வேப்பிலை, பூளைப்பூ செருகிக் காப்புக் கட்டின கொங்குக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

அன்னைக்கு ராத்திரியே ஒரு துணியை வெளியே ஜன்னல் விளிம்புலயோ செடி மேலயோ போடுவாங்க. பேர் 'ப்ராட் பிரீஜெ', பிரிஜிட்டோட போர்வை. அவங்க அந்த வழியாப் போறப்ப தொட்டுட்டுப் போவாங்கன்னு நம்பிக்கை. தலைவலி, தொண்டைவலி வந்தா வருஷம் பூரா அந்தத் துணியைத்தான் கட்டிக்குவாங்க. சில வீட்டுல காலையில அளந்தும் பார்ப்பாங்க, ராத்திரியை விட நீளமா இருந்தா அதிர்ஷ்டமாம். மழையில நனைஞ்ச கம்பளி நீளாம என்ன செய்யும்! நீங்களும் போடுறதா இருந்தா துணிக் கிளிப் ரெண்டு மாட்டி விடுங்க. இங்கே பிப்ரவரிக் காத்துக்குச் சும்மா போட்ட துணி காலையில பக்கத்துத் தெருவுல கிடக்கும்.