சம்பளம் வந்துவிட்டது, அண்ணனோடு பேச்சுதான் நின்றுவிட்டது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 41 வயது. விருதுநகர் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி அமெரிக்கா வந்து 16 வருடம் ஆகிறது. மேரிலாந்தில் மத்திய அரசு ஆய்வகம் ஒன்றில் வேலை. அண்ணன் நியூஜெர்சியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். இந்த நாட்டில் எனக்குப் பிறந்தவீடு என்றால் அது அண்ணன் வீடுதான்.

2025 அக்டோபர் 1 அன்று, நிதி மசோதா நிறைவேறாததால் அரசு முடங்கியது. என்னை 'ஃபர்லோ'வில் போட்டார்கள். வேலைக்கும் போகக் கூடாது, சம்பளமும் வராது.

தீபாவளிக்காக 18ஆம் தேதி சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனோம். டிவியில் அதிபர் டிரம்புக்கு எதிரான 'நோ கிங்ஸ்' ஊர்வலம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ரிபப்ளிகன் கட்சிக்காரர், நான் டெமாக்ரட். வழக்கமாக அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டோம். அன்றைக்கு என்னவோ, இலையில் உட்கார்ந்தபடியே, "இவங்க பிடிவாதத்தாலதான் அரசாங்கம் நின்னு போச்சு" என்று ஆரம்பித்தார். நானும் விடவில்லை. மருத்துவக் காப்பீட்டுக்கான கூடுதல் மானியம் டிசம்பரோடு முடிகிறது, டெமாக்ரட்டுகள் அதற்காகத்தான் போராடுகிறார்கள் என்றேன். பேச்சு முற்றியபோது, "உனக்கென்ன பாப்பா, சும்மா வீட்ல இருக்கே, மொத்தமா சம்பளம் வந்துரும். எனக்கு யாவாரம் படுத்தா எவன் பின்னாடி தர்றான்? 2020ல கடையைச் சாத்திட்டு நாலு மாசம் கிடந்தேனே, அப்ப எவன் கேட்டான்?" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்கு முந்தின வாரம்தான் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலைநீக்க நோட்டீஸ் போயிருந்தது. முடக்கக் காலச் சம்பளம் எல்லோருக்கும் தானாகக் கிடைக்காது என்று வெள்ளை மாளிகைத் தரப்பிலேயே பேச்சு கிளம்பியிருந்தது. "நீங்க பார்க்கிற சேனல்தான் உங்க மூளை" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். மதினி கட்டி வைத்திருந்த அதிரச டப்பாவை அண்ணன் மகன் ஓடி வந்து காரில் வைத்தான்.

அடுத்த வாரம் மகனை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, காரிலேயே உட்கார்ந்து போனில் சம்பளச் சீட்டைத் திறந்தேன். 0.00 என்று இருந்தது. கிரெடிட் யூனியன் என்ற கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வட்டியில்லாக் கடன் வாங்கித்தான் வீட்டுத் தவணை கட்டினோம். அம்மாவுக்கு அனுப்பும் பணத்தை மட்டும் நிறுத்தவில்லை. இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாது.

43 நாள் கழித்து நவம்பர் 12 இரவு முடக்கம் முடிந்தது. சம்பளப் பாக்கியும் வந்துவிட்டது. அண்ணன் ஒரு போன் போடவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அரசியல் வீடியோக்கள் அனுப்புகிறார். அம்மா இரண்டு பேரிடமும் மாறி மாறிப் பேசி அழுகிறார். 27ஆம் தேதி தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வரச் சொல்லி மதினி மெசேஜ் அனுப்பியிருக்கிறார். "மானம் இருந்தா போகாதே" என்கிறார் என் கணவர். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் வருவதில்லை. நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேரிலாந்து

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். வேலை இருக்குமா, தவணை கட்ட முடியுமா என்று 43 நாள் பதறிய உடம்பு, சம்பளம் வந்த அன்றே அடங்கிவிடாது. சில வாரம் பிடிக்கும். ராத்திரி போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். குடும்பக் குழுவை மியூட் செய்துவிடுங்கள், அதை விட்டு வெளியேற வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் இப்படியே இருந்தால் உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

முடக்கத்துக்கு யார் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நிதி மசோதா நிறைவேற, மேலவையான செனட்டில் 60 ஓட்டு வேண்டியிருந்தது, ரிபப்ளிகன் கட்சியிடம் 53தான் இருந்தது. அதனால் இரண்டு பக்கமும் அடுத்தவரைக் கைகாட்ட இடமிருந்தது. வாஷிங்டனிலேயே ஆறு வாரம் தீராத வழக்கை நீங்கள் இருவரும் இலையில் உட்கார்ந்து தீர்த்துவிட முடியுமா, சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "சும்மா வீட்ல இருக்கே" என்ற சொல் உங்களைச் சுட்டது, நியாயம்தான். சம்பளப் பாக்கியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2019லேயே சட்டம் இருக்கிறது. அதை நம்பித்தான் அவர் பேசியிருப்பார். அந்தச் சட்டத்தையே சந்தேகமாக்கிவிட்டார்கள் என்பதும், நீங்கள் பயந்து கிடந்ததும் அவருக்கு எப்படித் தெரியும்? கடன் வாங்கியதைக்கூட நீங்கள் அவரிடம் சொல்லவில்லையே.

அதே மூச்சில் அவர் இன்னொன்றும் சொன்னார். 2020ல் நாலு மாதம் கடையைச் சாத்திவிட்டுக் கிடந்தேன், எவன் கேட்டான் என்று. அதை எனக்கு எழுதிவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நகர்ந்துவிட்டீர்கள். அந்த 'எவன்' யார்? அரசாங்கத்தை மட்டும் சொன்னதாக எனக்குப் படவில்லை. அந்த நாலு மாதத்தில் "கடை வாடகைக்கு என்னண்ணே செய்றீங்க?" என்று நீங்கள் கேட்டீர்களா? கேட்டிருந்தால் என்னை மன்னியுங்கள். கேட்கவில்லை என்றால், அவர் கோபம் ஐந்து வருடத்துக் கோபம். முடக்கம் அதற்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

காப்பீட்டு மானியத்தையும் பாருங்கள். சொந்தக் கடை வைத்திருப்பவர்களில் பலர் 2025ல் அந்த மானியத்தோடுதான் காப்பீடு வாங்கியிருக்கிறார்கள். டிசம்பரோடு அது நின்றால் அண்ணன் வீட்டுக்கு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நீங்கள் அதற்காக வாதாடினீர்கள், ஆனால் அவரிடம் கேட்கவில்லை.

அவர் பேசியது சரி என்று சொல்ல வரவில்லை. தங்கை வேலை ஆடிக்கொண்டிருக்கும்போது அப்படிப் பேசியது தப்பு. ஆனால் சேனல்தான் மூளை என்று அவர் மகன் எதிரில் நீங்கள் சொன்னதும் சின்ன அடி இல்லை.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னால், கடை திறப்பதற்கு முந்தின நேரமாகப் பார்த்து நீங்களே போன் போடுங்கள். மெசேஜ் வேண்டாம். "அண்ணே, எனக்கு ஒரு மாசம் சம்பளம் சுத்தமா வரலை. ரொம்ப பயந்துட்டேன். உங்ககிட்ட சொல்லாம மறைச்சது என் தப்பு. நான் அன்னைக்குப் பேசினதும் தப்பு" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். யாருடைய கட்சி, யார் காரணம் என்று ஒரு சொல் சேர்த்தாலும் பழையபடி இலைக்கே போய்விடுவீர்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், இருக்கட்டும். அப்புறம் 2020ஐப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசாதீர்கள்.

அம்மாவைத் தூது அனுப்ப வேண்டாம். இங்கே சொன்னதை அங்கே சொல்லிச் சொல்லி அவர் களைத்திருப்பார். உங்கள் கணவர் மானம் என்பதும் உங்கள் மேலுள்ள பாசத்தால்தான். ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. போன் பேசி முடித்தபின் அவரிடம் சொல்லுங்கள், வந்தால் வரட்டும். போனால் ஒரு ராத்திரி போதும். டிவியை அணைத்து வைக்கும்படி மதினியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரசியல் வந்தால், "அண்ணே, இன்னைக்கு வேண்டாமே" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுங்கள். காரை எடுக்காதீர்கள். நவம்பரில் போட்ட நிதி ஏற்பாடு பெரும்பாலான துறைகளுக்கு 2026 ஜனவரி 30 வரைதான். மறுபடி ஒரு முடக்கம் வந்தால் முதல் நாளே அண்ணனுக்குச் சொல்லிவிடுங்கள்.

அந்த அதிரச டப்பா உங்கள் அடுப்படியில்தானே இருக்கும்? வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அண்ணனுக்குப் பிடித்தது எதையாவது செய்து போட்டு எடுத்துப் போங்கள்.